ஊரிலை எவடம்?

மார்ச் மாதம் பியர்ஃபோனில் புது வீட்டுக்கு வந்தோம். பால் காய்ச்சிய அன்று வீட்டு ஆட்கள் மட்டும்தான். மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை மாலை மற்ற எல்லோரையும் கூப்பிட்டோம், நாற்பது பேர். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். அதனால் சாப்பாட்டை வெளியில் எடுப்பது என்று முடிவாயிற்று.

வெளியில் எடுப்பது சுகமான வேலை என்று நினைக்காதீர்கள். வேலையிடத்தில் சேவர் மாற்றும்போது போடுகிற திட்டத்தைப் போல நான் ஒரு எக்செல் அட்டவணை போட்டேன். என் குழுவில் ஓர் அல்ஜீரியர். ஹலால் இறைச்சிதான் சாப்பிடுவார். ஒரு குஜராத்திப் பெண், முட்டையும் தொடமாட்டார். ஒரு கியூபெக் தம்பதி. எதையும் சாப்பிடுவோம் என்று எழுதியிருந்தார்கள், ஆனால் எங்கள் உறைப்பை அவர்கள் இன்னும் கண்டதில்லை. அம்மாவின் கோயில் சிநேகிதிகள் மரக்கறி. சனிக்கிழமை வைத்ததற்கும் காரணம் உண்டு: வெள்ளி என்றால் பாதிப்பேர் மச்சம் சாப்பிட மாட்டார்கள்.

முதன்முதலாக வீட்டில் பார்ட்டி வைக்கப்போகும் தம்பி தங்கச்சிமாருக்கு, நான் பட்டறிந்த சில விஷயங்கள். கனடாத் தமிழரின் அளவை கிலோவும் இல்லை, இறாத்தலும் இல்லை. ட்ரே. அரை ட்ரே, முழு ட்ரே என்று கேட்டால்தான் கடையில் விளங்கும். கொத்து ரொட்டியைக் கடைசியாக எடுக்க வேண்டும், ஆறினால் விறைத்துப்போகும். இடியப்பத்தை மூடியபடியே வைத்திருங்கள், காற்றுப் பட்டால் காய்ந்துவிடும். சொதியை அதன் மேல் ஊற்றி வாங்கக் கூடாது, தனியாக வாங்குங்கள். பொரித்த சாமான் உள்ள ட்ரேயை இறுக்கி மூடினால் ஆவியில் நமுத்துவிடும். மூடியின் ஒரு மூலையைத் திறந்து விடவேண்டும். மார்ச் மாதத்து மொன்றியலில் அப்படித் திறந்தால் காரிலேயே குளிர்ந்துவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இதற்கு இன்னும் எனக்குத் தீர்வு கிடைக்கவில்லை.

றோல்ஸ்தான் கடைசிவரை இழுபட்டது. கடை றோல்ஸ் நல்லதுதான். ஆனால் லசாலில் ஓர் அன்ரி இருக்கிறார், வீட்டில் செய்து கொடுப்பவர். அவருடைய மட்டன் றோல்ஸை ஒரு பிறந்தநாளில் சாப்பிட்டேன். தோல் மெல்லிசு, உள்ளே உருளைக்கிழங்கைவிட இறைச்சி கூட. இறைச்சி ஹலால் கடையில் வாங்குவார், ஆகவே அல்ஜீரியரின் பிரச்சினையும் தீர்ந்தது. நூறு றோல்ஸ், ஐம்பது மரக்கறிப் பற்றிஸ் என்று சொல்லிவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன், எனக்குப் பெரியப்பா முறை, தொலைபேசியில் வந்தார். அழைப்புக்கு நன்றி சொன்னார். சாப்பாடு எங்கை எடுக்கிறியள் என்று கேட்டார். நான் உற்சாகமாக அன்ரியைப் பற்றிச் சொன்னேன். ஒரு கணம் சத்தமில்லை. பிறகு, "அவ ஊரிலை எவடம்?"

எனக்குத் தெரியாது. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஊரின் பெயரைச் சொன்னார். "ஊர் தெரியும். ஊருக்குள்ளை எவடம்? கோயிலடியோ, அங்கால் பக்கமோ?" அம்மா பதில் சொல்லவில்லை. பெரியப்பா, "சரி, பாத்துச் செய்யுங்கோ" என்று வைத்துவிட்டார்.

உங்களில் பலரிடம் இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருப்பார்கள். ஏதோ புவியியல் விசாரணை என்று நினைத்து, "அப்பாவைக் கேட்டுச் சொல்லுறன்" என்று வந்திருப்பீர்கள். நானும் முப்பது வயதுவரை அப்படித்தான் நினைத்தேன். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஒவ்வொரு குறிச்சியிலும் இன்ன சாதியார்தான் இருப்பார்கள் என்று இருந்தது. குறிச்சி தெரிந்தால் சாதி தெரியும். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதியை அறிந்துகொள்ள ஒரு வழி. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி இந்த முறை கேட்கப்பட்டது நூறு றோல்ஸுக்காக.

அன்றிரவு அப்பா சாப்பாட்டு மேசையில் இருந்து கதைத்தார். அவர் அதிகம் கதைக்கிறவர் இல்லை.

அப்பாவின் ஊர் சங்கானைக்குப் பக்கம். 1968இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. சந்தியில் ஒரு தேநீர்க் கடை. உள்ளே வாங்குகள். (வாங்கு என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல், பெஞ்ச்.) வெளியே தாழ்வாரத்தில் சிலர் குந்தியிருந்து குடிப்பார்கள். அவர்களுக்கு ஆணியில் தொங்கும் தனிப் பேணி. குடித்துவிட்டு அவர்களே கழுவித் திரும்ப மாட்டவேண்டும். அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்த பையன் ஒருவனும் தன் தகப்பனோடு அங்கே குந்தியிருந்தான். "நான் வாங்கிலை இருந்தனான்," என்றார் அப்பா. "அவன் என்னைப் பாத்தான். நான் மற்றப் பக்கம் பாத்தன்."

அவ்வளவுதான் சொன்னார். மீதியை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒன்று விளங்கவேண்டும். பொருளில் அல்ல, கையில்தான் அந்தக் காலத்துத் தீட்டு இருந்தது. தோட்டத்தில் கூலிக்கு நின்றவர் பிடுங்கிய மரக்கறி வீட்டுக்குள் வரும். பனையில் ஏறியவர் இறக்கிய கள்ளை வாங்கிக் குடிப்பார்கள். ஆனால் அதே ஆளின் கையால் ஒரு செம்பு தண்ணீர் குடிக்க மாட்டார்கள். பச்சையாக வந்தால் சரி, சமைத்து வந்தால் சரியில்லை. ஆகவே 'ஆர் சமைச்சது' என்பது ருசி பற்றிய கேள்வியாக இருக்கவில்லை. ஒரு வீட்டில் யார் செம்பில் குடிக்கிறார், யார் முற்றத்தில் நிற்கிறார் என்பதைப் பார்த்தே ஊரின் முழு வரிசையையும் சொல்லிவிடலாம். எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் அலங்காரமாக ஒரு பித்தளை மூக்குப்பேணி இருக்கிறது. வாய் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கு வசதியாகத்தான் அதற்கு அந்த மூக்கு. சின்ன வயதில் அதை அலாவுதீனின் விளக்கு என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்குள் யாரை விடுவது என்பது வீட்டுக்காரர் முடிவு என்று அக்காலத்தில் வாதிட்டார்கள். தேநீர்க் கடை வந்தபோது அந்த வாதம் இடித்தது. கடை எல்லோருக்கும் பொது, காசு எல்லோருடையதும் ஒரே காசு. ஆனாலும் யாழ்ப்பாணத்துக் கடைகள் பல, காசை ஒரே பெட்டியில் போட்டுக்கொண்டு பேணியை மட்டும் வேறாக வைத்திருந்தன. அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை இதை எதிர்த்தது. (இங்கே 'சிறுபான்மைத் தமிழர்' என்றால் ஒடுக்கப்பட்ட சாதித் தமிழர்.) எம். சி. சுப்பிரமணியம் போன்றவர்கள் அதை நடத்தினார்கள். பாடசாலைகளில் சம ஆசனம், கடைகளில் சம இடம் என்று 1950களில் தொடர்ந்து கேட்டார்கள். 1957இல் இலங்கை நாடாளுமன்றம் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சாதியைக் காட்டிக் கடையிலோ பாடசாலையிலோ ஒருவரை மறிப்பது அதன்படி குற்றம்.

அதே 1957இல் கடலுக்கு அந்தப் பக்கம், சென்னை திருவல்லிக்கேணியில், ஒரு ஹோட்டலின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்திக்கொண்டிருந்தார். ஒரே காலம், ஒரே மொழி, இரண்டு நாடு, இரண்டு சாப்பாட்டுக் கடைச் சண்டை.

சட்டம் வந்ததும் பேணிகள் ஆணியிலிருந்து இறங்கிவிடவில்லை. ஒன்பது வருடம் கழித்து, 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி, இடதுசாரிகள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு ஊர்வலம் போனார்கள். பொலிசார் தடியடி நடத்தியும் ஊர்வலம் நிற்கவில்லை. அடுத்த வருடம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. எஸ். ரி. என். நாகரட்னம், எழுத்தாளர் கே. டானியல் ஆகியோர் அதில் முன்னின்றவர்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டம் பலருக்குத் தெரியும். அங்கே கதவுக்கு முன்னால் நின்று எதிர்த்தவர்களில் முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம் ஒருவர். படித்தால் இது போய்விடும் என்று யாராவது சொன்னால் எனக்கு அவருடைய நினைவுதான் வரும். எனக்கும் ஒரு முதுகலைப் பட்டம் இருக்கிறது. அது எனக்கு றோல்ஸ் விஷயத்தில் ஒன்றும் சொல்லித்தரவில்லை.

கோயில் பெரிய செய்தியானது. ஆனால் எனக்குத் தேநீர்க் கடைதான் கூடுதலாக மனதைத் தைக்கிறது. கோயிலுக்கு வருடத்தில் சில நாள்தான் போவார்கள். தேநீர் ஒவ்வொரு நாளும் குடிக்க வேண்டும். ஒரு கூலிக்காரர் காலையில் வேலைக்குப் போகும் வழியில், பின்னேரம் திரும்பும் வழியில், ஆணியில் தொங்கும் பேணியைத் தானே எடுத்துத் தானே கழுவி மாட்டும்போது, நீ யார் என்று அந்தப் பேணி ஒவ்வொரு நாளும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். சங்கானை, சாவகச்சேரிப் பக்கங்களில் இளைஞர்கள் கடைக்குள் போய் வாங்கில் இருந்து தேநீர் கேட்டார்கள். அவ்வளவுதான் போராட்டம். அதற்காக அடி வாங்கினார்கள், வீடுகள் எரிந்தன, உயிர்களும் போயின. டானியல் இந்த மக்களைப் பற்றித்தான் 'பஞ்சமர்' முதலான நாவல்களை எழுதினார்.

அமெரிக்காவில் கிறீன்ஸ்பரோ நகரத்தில் 1960 பெப்ரவரி முதலாம் திகதி நான்கு கறுப்பின மாணவர்கள் ஒரு கடையின் சாப்பாட்டு மேடையில் இருந்து கோப்பி கேட்டதைப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். சங்கானையைப் பற்றி எந்தப் பாடசாலையில் படித்தீர்கள்?

கனடாவில் இதெல்லாம் இருந்ததில்லை என்று நினைத்தால், அத்வாட்டர் மெட்ரோவில் இறங்குங்கள். அங்கே பழைய ஃபோறம் கட்டடம் நிற்கிறது. கனேடியன்ஸ் 1996 வரை ஹொக்கி விளையாடிய இடம். அதே கட்டடத்தில் முன்பு யோர்க் டவர்ன் என்று ஒரு மதுக்கடை இருந்தது. 1936 ஜூலையில் பிரெட் கிறிஸ்டி என்ற வேர்டன் வாசி நண்பர்களோடு உள்ளே போய் பியர் கேட்டார். கறுப்பர்களுக்குக் கொடுப்பதில்லை என்றார்கள். கிறிஸ்டி ஃபோறத்தில் ஹொக்கி பார்க்கப் பருவச் சீட்டு வைத்திருந்தவர். ஆட்டத்தைப் பார்க்கலாம், பக்கத்துக் கடையில் குடிக்க முடியாது. அவர் வழக்குப் போட்டார். முதல் நீதிமன்றம் 25 டொலர் நட்டஈடு கொடுத்தது. மேல்நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. 1939 டிசம்பரில் கனடாவின் உச்ச நீதிமன்றம், யாருக்கு விற்பது என்பது வியாபாரியின் சுதந்திரம் என்று சொல்லி, கடைக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. கியூபெக்கின் மனித உரிமைச் சாசனம் 1975இல் வந்தது. இன்று அப்படி மறுக்க முடியாது. ஆனால் எங்கள் அப்பாமார் மீராபெல் விமான நிலையத்தில் இறங்கியபோது அந்தச் சாசனத்துக்குப் பத்து வயதுகூடச் சரியாக ஆகியிருக்கவில்லை.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களில் பலருக்கு மொன்றியல்தான் முதல் ஊர். 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மூடுபனிக்குள் மிதந்ததையும், கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் அவர்களைக் கண்டதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்களிலும் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள். அந்தப் படகுகளில் இருந்தவர்களிடம் யாரும் ஊரிலை எவடம் என்று கேட்டிருப்பார்களா? கேட்டிருக்கவும் கூடும். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.

அப்பா வந்த புதிதில் கோட்-டெ-நெஜில் இரண்டு அறை வீட்டில் ஏழு பேர். எல்லோரும் ஆண்கள். பாதிப்பேருக்கு உணவகங்களில் கோப்பை கழுவும் வேலை. வீட்டில் சமையல் முறை வைத்து நடந்தது: திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர். அங்கே யார் கையால் சமைத்தது என்று பார்த்தால் பட்டினிதான். இரவு இரண்டு மணிக்கு, மைனஸ் இருபதில் நடந்து வந்து, சட்டியில் இருக்கும் பருப்பைச் சாப்பிடுகிறவருக்குச் சாதி பார்க்க நேரம் இல்லை. "அந்த வீட்டிலை கோழிக்கறி வைக்கிறவன் ஒருத்தன் இருந்தான், அவன்ரை கைக்கு ஈடு இல்லை," என்று அப்பா இப்போதும் சொல்வார். அவர் ஊரிலை எவடம் என்று நான் கேட்டேன். "தெரியும்," என்றார் அப்பா. மேலே சொல்லவில்லை.

பிறகு குடும்பங்கள் வந்தன. சிலர் சட்டம் 101க்கும் பிரெஞ்சுப் பாடசாலைக்கும் பயந்து ரொறன்ரோவுக்குப் போனார்கள். நாங்கள் போகவில்லை, அதனால்தான் என் பிரெஞ்சு என் தமிழைவிட நன்றாக இருக்கிறது. தமிழ்க் கடைகள் திறந்தன. என் சின்ன வயதில் வெளியில் எடுப்பது என்றால் சென்-யூபேர் கோழிதான். 1951இல் இந்த நகரத்தில் தொடங்கிய கடை, மஞ்சள் காரில் கொண்டுவந்து தருவார்கள். பிறகு மெல்ல மெல்ல எங்கள் கொத்து ரொட்டியும் பெட்டியில் வரத் தொடங்கியது. கடைச் சாப்பாட்டில் ஒரு நல்ல விஷயம் நடந்தது. யாரும் கவனிக்காமலே நடந்தது. 'எங்கை எடுத்தது' என்று கேட்டால் கடையின் பெயரைச் சொல்வோம். சமையலறைக்குள் நிற்பவர் யார் என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் தேவையில்லை. சட்டத்தாலும் ஊர்வலத்தாலும் முழுதாக முடியாத ஒன்றை ஒரு மூடிய அலுமினிய ட்ரே பாதியாவது செய்துவிட்டது.

வீட்டில் சமைத்துக் கொடுக்கும் அன்ரிமார் வந்தபோது சமையற்காரருக்கு மறுபடியும் முகம் வந்தது. முகத்தோடு அந்தக் கேள்வியும் வந்துவிட்டது. இதை நான் முன்பு யோசித்ததில்லை. ஆனால் இது எங்கள் பெரியப்பாவோடு மட்டும் நிற்கும் விஷயமும் இல்லை. 2023 மார்ச்சில் ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை, தன் பாடசாலைகளில் சாதிப் பாகுபாடு இருக்கிறது என்று ஏற்றுத் தீர்மானம் போட்டது. பிள்ளைகளுக்கு அது எங்கே இருந்து போயிருக்கும்? சாப்பாட்டு மேசையில் இருந்துதான்.

ட்ரேக்குள் கிடப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கட்லட்டின் பெயர் பிரெஞ்சுச் சொல்லான கோத்லெட்டில் இருந்து ஆங்கிலம் வழியாக வந்தது. என் கியூபெக் நண்பருக்கு உடனே விளங்கியது. பற்றிஸ் பறங்கியர் அடுப்பில் இருந்து எங்களுக்கு வந்த சாமான். றோல்ஸை இலங்கையில் சைனீஸ் றோல்ஸ் என்றும் சொல்வார்கள். முழு முட்டையில் பாதியை உள்ளே வைத்த பெரிய றோல்ஸுக்கு யாழ்ப்பாணத்தில் போர்க்காலம் கொடுத்த பெயர் மிதிவெடி. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர், சீனர் என்று எல்லாருடைய கையையும் தாண்டி வந்த சாப்பாட்டை வாய் நிறையச் சாப்பிடுவோம். பக்கத்துக் குறிச்சிக் கைதான் ஆகாது.

சரி, பார்ட்டிக்கு வருகிறேன்.

நான் ஓடரை மாற்றவில்லை. வீரம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு நாள் யோசித்தேன். வீண் பிரச்சினை ஏன், றோல்ஸையும் கடையிலேயே எடுத்துவிடலாம் என்று ஒரு கட்டத்தில் மனைவியிடம் சொல்லியும் விட்டேன். அவள்தான், "அன்ரிக்கு என்ன காரணம் சொல்லப்போறீங்கள்?" என்று கேட்டாள். சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

சனிக்கிழமை லசாலுக்குப் போய் எடுத்தேன். ட்ரே போதாமல் ஐம்பது பற்றிஸையும் தன்னுடைய பெரிய எவர்சில்வர் சட்டியில் போட்டுத் துணியால் மூடித் தந்தார். அல்ஜீரியர் நான்கு றோல்ஸ் சாப்பிட்டார். கியூபெக் தம்பதிக்கு உறைப்பில் கண்ணீர் வந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. குஜராத்திப் பெண்ணுக்குப் பற்றிஸில் முட்டை இல்லை என்று அன்ரியிடம் முதலே கேட்டு வைத்திருந்தேன்.

பெரியப்பாவும் வந்தார். கொத்து ரொட்டி எடுத்தார், இடியப்பம் எடுத்தார். றோல்ஸ் ட்ரேயைத் தாண்டிப் போனார். யாரும் கவனிக்கவில்லை; நானும் அப்பாவும் கவனித்தோம். அப்பா ஒரு கோப்பையில் ஐந்து றோல்ஸ் அடுக்கிக்கொண்டு போய், சோபாவில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தார். ஒன்றும் கதைக்கவில்லை. ஒவ்வொன்றாக ஐந்தையும் சாப்பிட்டார். அவருக்குக் கொலஸ்ட்ரோல் இருக்கிறது. அம்மா தூரத்தில் நின்று பார்த்தார், தடுக்கவில்லை. பெரியப்பா ஒன்பது மணிக்கே வெளிக்கிட்டார். பனி கொட்டப்போகிறதாம்.

அடுத்த ஞாயிறு சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அம்மாவும் வந்தார். வெறும் சட்டி கொடுக்கக் கூடாது என்று அதற்குள் மாம்பழம் ஆறு வைத்திருந்தார். அன்ரி தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அம்மா அவருடைய சமையலறைக் கதிரையில் இருந்து குடித்தார். றோல்ஸ் காணுமாக இருந்ததோ என்று அன்ரி கேட்டார். எட்டு மிஞ்சியது, அதையும் அப்பா திங்கட்கிழமை முடித்துவிட்டார் என்று சொன்னேன்.